கலங்கல் கடலில் அட்வான்ஸ்டு டைவிங் கோர்ஸ்: பாண்டிச்சேரிக்குப் போகும் முன்

'ஓப்பன் வாட்டர்' என்ற ஆரம்ப ஸ்கூபா டைவிங் கோர்ஸை முடித்தவர்கள் அடுத்ததான அட்வான்ஸ்டு கோர்ஸை விசாரிக்கும்போது முதலில் கேட்பது, "30 மீட்டர் வரைக்கும் இறங்கலாமா?" என்பதுதான். இறங்கலாம். ஓப்பன் வாட்டர் கார்டுக்கு 18 மீட்டர், அட்வான்ஸ்டு கார்டுக்கு 30 மீட்டர் என்பது கணக்கு. ஆனால் பாண்டிச்சேரிக் கடலில் இந்தக் கோர்ஸ் எடுக்கிறவர்களைத் திணறடிப்பது ஆழம் அல்ல. முதுகில் இருக்கும் காற்று எத்தனை நிமிடம் வரும் என்று தெரியாமல் இறங்குகிறார்கள். ஐந்தாறு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் புலப்படாத பச்சைத் தண்ணீரில் திசை தப்பிவிடுகிறார்கள். இரண்டையும் கரையிலேயே காகிதத்தில் கணக்குப் போட்டும், வெறும் தரையில் நடந்து பார்த்தும் பாதி சரிசெய்துவிடலாம்.

பி.ஏ.டி.ஐ. என்ற டைவிங் பயிற்சி நிறுவனத்தின் முறையில் இந்தக் கோர்ஸ் ஐந்து டைவ்கள் கொண்டது. ஆழ டைவும் திசையறியும் டைவும் கட்டாயம். மற்ற மூன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். கடைசியில் பெரிய எழுத்துத் தேர்வு ஏதும் கிடையாது. ஒவ்வொரு டைவுக்கும் உரிய பாடத்தைப் படித்து, அதற்கான கேள்விகளுக்கு விடை எழுதி, இன்ஸ்ட்ரக்டரிடம் பேசித் தெளிந்துவிட்டு இறங்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று நாளில் முடிந்துவிடும். வயது 15 நிறைந்திருக்க வேண்டும். 12 முதல் 14 வரை உள்ளவர்களுக்கு ஜூனியர் கார்டு, அதில் ஆழ வரம்பு 21 மீட்டர். எஸ்.எஸ்.ஐ. என்ற இன்னொரு நிறுவனத்தின் முறையில் சேர்கிறவர்கள் பெயரைக் கவனிக்க வேண்டும். அங்கே ஐந்து டைவ் கோர்ஸின் பெயர் 'அட்வான்ஸ்டு அட்வெஞ்சரர்'. அதே நிறுவனத்தில் 'அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர்' என்றால் நான்கு ஸ்பெஷாலிட்டியும் (தனித்துறைப் பயிற்சி) 24 டைவும் முடித்தவருக்குக் கொடுக்கும் தகுதி. பணம் கட்டும் முன் எது என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவக் கேள்வித்தாளை வீட்டிலேயே நிரப்பிப் பாருங்கள். ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, ரத்த அழுத்த மாத்திரை என்று ஏதாவது 'ஆம்' வந்தால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். டைவ் அன்று காலை, பாண்டிச்சேரி மீன்பிடித் துறைமுகம் இருக்கும் தேங்காய்த்திட்டுப் பக்கம் டாக்டரைத் தேடி அலைவதில் நாள் போய்விடும். கடைசி டைவ் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தால், ஐந்து டைவில் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்வதற்கு என்று வீணாக்காதீர்கள். தனியாக ஒரு ரிஃப்ரெஷர் எடுத்துவிட்டு வாருங்கள்.

எந்த மாதம் என்பதில் கடல் சொல்வதுதான் கடைசி முடிவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. செஞ்சி மலையிலிருந்து வரும் சங்கராபரணி அரியாங்குப்பத்தாறாகவும் சுண்ணாம்பாறாகவும் பிரிந்து இந்தக் கரையில்தான் கலக்கிறது. தெற்கே தென்பெண்ணையும் கெடிலமும் கடலூர்ப் பக்கம் வண்டலைக் கொட்டுகின்றன. அந்த நாட்களில் கைக்கு எட்டும் தூரம்கூடத் தெரியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சலும் கரையைக் கடந்ததும் இந்தப் பருவத்தில்தான். வாடைக்காற்று தணிந்த பிறகு, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பொதுவாக நல்ல காலம். அப்போதும் 'நல்ல விசிபிலிட்டி' என்று இங்கே சொல்வதை அந்தமானோடு ஒப்பிடக் கூடாது. பத்து மீட்டர் தெரிந்தால் மகிழ்ச்சி. மேலே ஐந்து மீட்டர் கலங்கலாகவும் அதற்குக் கீழே தெளிவாகவும் இருக்கும் நாள் உண்டு, அதற்கு நேர்மாறான நாளும் உண்டு. போட்டிலிருந்து பார்த்து முடிவு சொல்ல முடியாது.

இந்தக் கலங்கலைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. கண்ணாடி மாதிரியான தண்ணீரில் 30 மீட்டர் தூரத்தில் போட்டின் நங்கூரக் கயிறு தெரியும்போது கம்பாஸை யாரும் உண்மையாகப் பயன்படுத்துவதில்லை. இங்கே பயன்படுத்தாமல் திரும்பி வர முடியாது. ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எட்டு மாணவர்கள் வரை விதி அனுமதிக்கிறது. இந்தத் தண்ணீருக்கு எட்டு மிக அதிகம். நாலுக்கு மேல் போகாத குழுவில் சேருங்கள்.

டைவ்களை எந்த வரிசையில் செய்வது என்பதற்குப் பலர் முக்கியத்துவம் தருவதில்லை. ஆழ டைவை முதலில் முடித்துவிட ஆசை இருக்கும். அதைத் தள்ளிவையுங்கள். முதல் டைவ் மிதப்புக் கட்டுப்பாடு, இரண்டாவது திசையறிதல், மூன்றாவதாக ஆழம் என்று போனால் மூன்றும் ஒன்றுக்கொன்று உதவும். மிதப்பு சரியில்லாதவர் காற்றை வேகமாகக் குடிப்பார், கால் தாழ்ந்து சேற்றைக் கிளப்புவார், கம்பாஸை மட்டமாகப் பிடிக்கவும் முடியாது. மற்ற எல்லாம் இதன் மேல் நிற்கிறது.

மிதப்பில் நடக்கும் தவறில் பெரும்பாலானவை, மூழ்குவதற்காக உடம்பில் கட்டும் ஈய எடையில்தான் ஆரம்பிக்கின்றன. போன முறை வேறு ஊரில் வேறு டைவிங் உடையில் கட்டிய எடையையே மனசில் வைத்துக்கொண்டு, பயத்துக்கு இன்னும் இரண்டு கிலோ சேர்த்துக் கட்டுவார்கள். சரிபார்க்கும் முறை எளிது. முழு உபகரணத்தோடு தண்ணீரில் நிமிர்ந்து நில்லுங்கள். காலை அசைக்காதீர்கள். பிசிடியின், அதாவது காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கியின், காற்றை முழுக்க விட்டுவிட்டு, சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்துப் பிடியுங்கள். தண்ணீர் மட்டம் கண் உயரத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல மூழ்க வேண்டும். இதை நிரம்பிய சிலிண்டரோடு செய்தால் மேலும் 2 கிலோ சேர்க்க வேண்டும். ஏனென்றால் காற்றுக்கும் எடை உண்டு. ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். இங்கே சாதாரணமாகத் தரும் அலுமினிய சிலிண்டரின் உள் கொள்ளளவு 11.1 லிட்டர். உள்ளே அழுத்தம் 200 பாரிலிருந்து (பார் என்பது அழுத்தத்தின் அளவு) 50 பாருக்கு வரும்போது 1,665 லிட்டர் காற்று செலவாகிறது, அதன் எடை 2 கிலோ. டைவின் கடைசியில், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய நேரத்தில், அந்த 2 கிலோ இல்லாததால்தான் பலர் பலூன் மாதிரி மேலே போய்விடுகிறார்கள்.

இடுப்பில் மட்டும் ஈயம் கட்டினால் கால் தாழும், உடம்பு சாய்ந்து நிற்கும். அந்த நிலையில் ஒவ்வொரு உதையும் அடியிலுள்ள மண்ணைக் கிளப்பும். பின்னால் வருகிறவருக்கு எதுவும் தெரியாது. ஒன்றிரண்டு கிலோவைச் சிலிண்டர் பட்டைக்கு மாற்றிப் பாருங்கள், உடம்பு தானாக மட்டமாகும். உதையையும் மாற்ற வேண்டும். நீச்சல் குளத்தில் பழகிய மேல்-கீழ் உதைக்குப் பதில், தவளை மாதிரி பக்கவாட்டில் விரித்துச் சேர்க்கும் உதை. சேறு கிளம்பாது, காற்றும் மிச்சம். அடியைத் தொடாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாறையோடு பாறையாகக் கிடக்கும் தேள் மீனும் சிங்க மீனும் முள்ளில் விஷம் உள்ளவை. குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரியில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைப்பதுதான் முதலுதவி. பிறகு டாக்டர்.

இனி காற்றுக் கணக்கு. கோர்ஸில் இதை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். கார்டைவிட இதுதான் காலத்துக்கும் கூட வரும்.

முதலில் உங்கள் மூச்சுச் செலவைக் கண்டுபிடியுங்கள். முதல் டைவில் ஒரே ஆழத்தில் பத்து நிமிடம் அமைதியாக நீந்தி, சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் கேஜில் ஆரம்ப அளவையும் முடிவு அளவையும் ஸ்லேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 18 மீட்டரில் பத்து நிமிடத்துக்கு 50 பார் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 50 பெருக்கல் 11.1, அதாவது 555 லிட்டர். நிமிடத்துக்கு 55.5 லிட்டர். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார் என்பதால் 2.8-ஆல் வகுத்தால், மேல்மட்டக் கணக்கில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர். இது புதிய டைவர்களிடம் சாதாரணமாகக் காணக்கூடிய அளவு.

அதே ஆள் 30 மீட்டருக்குப் போனால் அழுத்தம் 4 பார், நிமிடத்துக்கு 80 லிட்டர் செலவு. 200 பார் சிலிண்டரில் மொத்தம் 2,220 லிட்டர். 50 பாரை ஒதுக்கிவிட்டால் 1,665 லிட்டர். 80-ஆல் வகுத்தால் இருபது நிமிடம், அதிலும் இறங்கும் நேரமும் ஏறும் நேரமும் அடங்கும். பி.ஏ.டி.ஐ. அட்டவணைப்படி ஏறும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்படாமல் 30 மீட்டரில் தங்கக்கூடிய அதிகபட்ச நேரமும் 20 நிமிடம்தான். 18 மீட்டரில் அது 56 நிமிடம். ஆழம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, நேரம் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

50 பார் மிச்சத்தோடு மேலே வந்தால் போதும் என்று ஓப்பன் வாட்டரில் பழகியிருப்பார்கள். 30 மீட்டரில் 50 பார் இருக்கும்போது ஏற ஆரம்பிப்பது ஆபத்து. கூடவே டைவ் செய்யும் துணையான 'பட்டி'யின் (buddy) காற்று அங்கே தீர்ந்துபோனால் ஒரே சிலிண்டரில் இருவர் மேலே வர வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் என்றால் இருவருக்கும் 60. கீழே நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம்: 60 பெருக்கல் 4, 240 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற மூன்றேகால் நிமிடத்துக்கு மேல் ஆகும், சராசரி அழுத்தம் 2.5: சுமார் 500 லிட்டர். ஐந்து மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம்: 270 லிட்டர். கூட்டினால் 1,010 லிட்டர். 11.1-ஆல் வகுத்தால் 91 பார். ஆக, 30 மீட்டரில் கேஜ் 100-ஐத் தொடும்போது, 'மேலே போவோம்' என்பதற்கான சைகையாகக் கட்டைவிரலை உயர்த்தி, கிளம்பிவிட வேண்டும். இந்த எண்ணை இறங்கும் முன்பே பட்டியோடு பேசி முடிவு செய்யுங்கள். கீழே போய்ப் பேச முடியாது.

நைட்ராக்ஸ் டைவை, அதாவது ஆக்சிஜன் கூடுதலாக உள்ள கலவையோடு இறங்குவதை, ஒரு விருப்பமாக எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்குதான் பதில். 32 சதவீத ஆக்சிஜன் கலவையில் 30 மீட்டரில் தங்கும் நேரம் 20 நிமிடத்திலிருந்து 29 நிமிடமாகக் கூடும். ஆனால் காற்று இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும் ஆளுக்கு அந்த ஒன்பது நிமிடம் பயன்படாது. 18 மீட்டர் டைவ்களை ஒரே நாளில் இரண்டு மூன்று செய்கிறவருக்குத்தான் அதில் நிஜமான லாபம். எடுத்தால், சிலிண்டரின் ஆக்சிஜன் அளவை நீங்களே கருவியில் அளந்து கையெழுத்திடுங்கள். 32 சதவீதத்துக்கு ஆழ வரம்பு 33 மீட்டர். அதைத் தாண்டினால் ஆக்சிஜனே விஷமாகி வலிப்பு வரலாம்.

ஆழ டைவில் கயிற்றைப் பிடித்து இறங்குங்கள். நடுத் தண்ணீரில் மேலும் பச்சை, கீழும் பச்சை. பார்வைக்குப் பிடிமானம் இல்லாததால் தலை சுற்றும். கயிறு கையில் இருந்தால், ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரின் ஆழ எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வராது. காதை ஒவ்வொரு அரை மீட்டருக்கும், வலி தொடங்கும் முன்பே சமன் செய்ய வேண்டும். வலி வந்த பிறகு ஊதினால் திறக்காது, ஒரு மீட்டர் மேலே ஏறித்தான் மறுபடி முயல வேண்டும். சளி இருந்தால் அன்றைய டைவை விட்டுவிடுங்கள். மூக்கடைப்பு மருந்து போட்டு இறங்கினால், அதன் வேகம் கீழே இருக்கும்போது தீர்ந்துபோய், ஏறும் வழியில் காதுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும்.

கீழே போனதும் இன்ஸ்ட்ரக்டர் வண்ண அட்டையைக் காட்டுவார். சிவப்பு பழுப்பாகிக் கறுப்பாகத் தெரியும். கரையில் செய்த ஒரு சின்னக் கணக்கையோ எண் வரிசையையோ மறுபடி செய்யச் சொல்லி நேரம் பார்ப்பார். ஆழத்தில் நைட்ரஜனால் போதை மாதிரி வரும் மயக்கம் எப்படி வரும் என்று உணர்த்துவதற்கான பயிற்சி இது. சிலருக்குக் கரையில் எடுத்த நேரத்தைவிட அதிகமாகும். சிலர் வேகமாக முடிப்பார்கள், ஆனால் கேஜைப் பார்க்க மறந்திருப்பார்கள். அந்த மறதியும் மயக்கத்தின் அறிகுறிதான். சில மீட்டர் மேலே வந்தால் தெளிந்துவிடும், வேறு மருந்து தேவையில்லை.

டெம்பிள் ரீஃப் என்கிற செயற்கைத் திட்டின் அடிப்பகுதி சுமார் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 2013-இல் தொடங்கி உருவான அந்த இடம் மிதப்பு, மீன் அடையாளம் போன்றவற்றுக்குச் சரி. ஆழ டைவுக்கு இன்னும் வெளியே போக வேண்டும். ஆழ டைவ் என்பதற்கு 18-ஐத் தாண்டினால் போதும், 30-ஐத் தொட்டே ஆக வேண்டும் என்று விதி இல்லை. தண்ணீர் மோசமாக இருக்கும் நாளில் 24 மீட்டரில் முடித்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

திசையறியும் டைவுக்கு வீட்டு மொட்டைமாடியில் பயிற்சி எடுங்கள். கம்பாஸின் நடுக்கோடு உங்கள் மூக்கின் நேர்கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டியதை அப்படியே பார்த்தால் கோணலாகத்தான் போவீர்கள். ஒரு கையை நேரே நீட்டி, கம்பாஸ் உள்ள கையை அதன் குறுக்கே மடக்கி முழங்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 60 டிகிரியில் போனால் திரும்ப 240. சதுரமாக நீந்தித் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்றால் 60, 150, 240, 330. பக்கத்துக்குச் சுமார் 30 மீட்டர். அந்த 30 மீட்டருக்கு உங்கள் உதை எத்தனை என்பதை முதலில் எண்ண வேண்டும். இரண்டு காலும் ஒரு சுற்று உதைத்தால் ஒன்று. 22 வந்தால் அதுதான் உங்கள் அளவுகோல். எதிர்நீரில் போனால் எண்ணிக்கை கூடும், அதனால் போகும்போதும் வரும்போதும் எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும்.

முள் ஏமாற்றுவதற்குச் சில காரணங்கள் உண்டு. பட்டியின் கம்பாஸ் அருகில் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். பல டைவ் டார்ச்சுகளின் சுவிட்சுக்குள் காந்தம் இருக்கிறது. அதே கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கம்பாஸ் பார்க்கிறவர் எந்தப் பக்கமும் போய்ச் சேரலாம். கம்பாஸைச் சாய்த்துப் பிடித்தால் முள் அடியில் ஒட்டி நின்றுவிடும், சுற்றாத முள்ளைப் பார்த்து நேராகப் போகிறோம் என்று நம்பிக்கொண்டிருப்போம்.

எல்லாம் சரியாகச் செய்தும் சதுரம் மூடாமல் போவதற்குக் காரணம் நீரோட்டம். இந்தக் கரையில் அது பெரும்பாலும் கரையை ஒட்டி வடக்காகவோ தெற்காகவோ ஓடும். வினாடிக்குப் பத்து சென்டிமீட்டர் என்பது உடம்புக்குத் தெரியாத அளவு. ஆனால் சதுரத்தை முடிக்க எட்டு நிமிடம் ஆனால் 48 மீட்டர் தள்ளிவிடும். ஆறு மீட்டர் தெரியும் தண்ணீரில் 48 மீட்டர் என்பது தொலைந்ததற்குச் சமம். அதனால் இறங்கியதும் மிதக்கும் துகள்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று அரை நிமிடம் பாருங்கள். அடியை ஒட்டி, ஒரு மீட்டர் உயரத்தில் நீந்துங்கள். அங்கே ஓட்டம் குறைவு. கரை மேற்கில் என்பதை மட்டும் எப்போதும் மனதில் வையுங்கள்.

பட்டி கண்ணில் படவில்லை என்றால் ஒரு நிமிடம் தேடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வழக்கமான வேகத்தில் மேலே வந்து அங்கே சேர்ந்துகொள்ளுங்கள். தேடிக்கொண்டே கீழே சுற்றுவதால்தான் இரண்டு பேரும் இரண்டு திசையில் போகிறார்கள்.

விருப்ப டைவ்களில் மிதப்பு நிச்சயம். மீன் அடையாளம் நம்மவர்களுக்குச் சுலபமாக வரும். சங்கரா, களவா, பாறை, சீலா, அஞ்சாளை என்று மார்க்கெட்டில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, உடல் வடிவத்தை வைத்துக் குடும்பம் பிரிப்பது புதிதல்ல. மூன்றாவதாக போட் டைவ் அல்லது நீரோட்டத்தோடு போகும் ட்ரிஃப்ட் டைவ் எடுக்கலாம். எதை எடுத்தாலும் மேற்பரப்பு மிதவையை, டைவர்கள் எஸ்எம்பி என்று சொல்லும் அந்த ஆரஞ்சுக் குழாயை, நீங்களே விடப் பழகிக்கொள்ளுங்கள். ஃபைபர் போட்டுகளும் விசைப்படகுகளும் ஓடும் கடல் இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், சிறிய போட்டுகள் அப்போதும் ஓடும். ஐந்து மீட்டர் நிறுத்தத்தில் நின்று, மிதவையின் நூல் சுற்றிய சுருளை உடம்பில் மாட்டாமல் கையில் பிடித்து, கொஞ்சம் காற்று மட்டும் நிரப்பி விடுங்கள். நூல் சிக்கினால் சுருளைக் கைவிடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டே மேலே இழுபட்டால் நுரையீரலுக்கு ஆபத்து.

பாறைகளில் சிக்கி அறுந்த வலைகளும் இங்கே உண்டு. மாட்டிக்கொண்டால் சுற்றித் திரும்பாதீர்கள், திரும்பினால் இன்னும் சுற்றும். அப்படியே நின்று, பின்னால் நகர்ந்து பாருங்கள். முடியாவிட்டால் பட்டி வெட்டட்டும். பெரிய கத்தியைவிட, பிளேடு உள்ளே பதிந்த சின்ன நூல்வெட்டி நல்லது.

போட் அதிகாலையிலேயே கிளம்பும், வெயில் ஏறினால் கடற்காற்று எழும்பிவிடும். அரியாங்குப்பத்தாற்றின் முகத்துவாரத்தில் மணல் திட்டு சேர்ந்து அலை உடைவதால், அந்தச் சில நிமிடம் ஆட்டம் அதிகம். இரண்டு மணி நேரம் முன்பே இட்லி சாப்பிட்டுவிடுங்கள். பூரி வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். குமட்டல் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டு, ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். தூக்கம் வந்தால் அந்த மாத்திரையோடு டைவ் செய்ய முடியாது. உபகரணம் மாட்டியதும், வாயில் வைத்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழுத்துக்கொண்டே கேஜைப் பாருங்கள். முள் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மேலே காற்று தாராளமாக வரும், 30 மீட்டரில் திணறும்.

கடைசி டைவ் முடிந்த பிறகு விமானத்துக்குக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் அன்றிரவே விமானம் ஏறுவது கூடாது. பெங்களூருக்குக் காரில் திரும்புகிறவர்கள் இதைத் தங்களுக்கு இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். டைவிங் கணக்கில் 300 மீட்டரைத் தாண்டினாலே மலைப் பகுதி மாதிரிதான், உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழாக வாய்ப்பு கூடும். ஞாயிறு மதியம் கடைசி டைவ் என்றால் அன்றிரவு பாண்டியில் தங்கி, திங்கள்கிழமை காலையில் கிளம்பும்படி லீவு போடுங்கள். வழியில் மூட்டு வலி, தோலில் திட்டுத் திட்டான தடிப்பு, கால் மரத்துப்போதல் தெரிந்தால் களைப்பு என்று ஒதுக்காமல், அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய், டைவ் செய்ததை முதல் வாக்கியமாகச் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள்.